தானியக்கக் காலத்தில் படைப்பாற்றலும் ஒத்துணர்வும்: குறளின் 'கண்ணோட்டம்' வழி ஒரு விளக்கம்

முன்னுரை

கணினித் தொழில்நுட்பம் மனித உழைப்பு முழுவதையும் அகற்றுவதில்லை. விதிகளுக்குள் அடங்கும் பணிகளையே முதலில் ஏற்கிறது. எஞ்சும் பணிகளில் படைப்பாற்றலும் ஒத்துணர்வும் முதன்மை பெறுகின்றன. இவற்றின் மதிப்பு உயரும் காரணத்தையும், அம்மதிப்பு ஊதியத்தில் வெளிப்படாத நிலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எஞ்சும் திறன்கள்

டேவிட் ஆட்டர், ஃபிராங்க் லெவி, ரிச்சர்ட் மர்னேன் ஆகியோர் 2003இல் பணிகளை வழமைசார்ந்தவை, வழமைசாராதவை எனப் பகுத்தனர். 2013இல் 702 தொழில்களை ஆராய்ந்த ஃபிரே, ஆஸ்போர்ன் ஆகியோர் தானியக்கத்திற்குத் தடையாகும் கூறுகளுள் படைப்பு நுண்ணறிவையும் சமூக நுண்ணறிவையும் சேர்த்தனர். இன்று எழுத்தையும் ஓவியத்தையும் எந்திரமே ஆக்கித் தருகிறது. எனவே படைப்பாற்றலின் மையம் ஆக்குவதிலிருந்து, எது தேவை எனத் தெரிவதற்கு நகர்கிறது. அத்தெரிவுக்குப் பயன்பெறுவோரின் நிலையை உணர்தல் அடிப்படையாகும்.

டேவிட் டெமிங்கின் 2017ஆம் ஆண்டு ஆய்வின்படி, அமெரிக்காவில் சமூகத் தொடர்பு மிகுதியும் வேண்டும் பணிகளின் பங்கு 1980 முதல் 2012 வரை ஏறத்தாழ 12 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. பிறர் மனநிலையை உணர்வோர் குழுவில் வேலையை எளிதாகப் பகிர்ந்துகொள்வர் என்பது அவர் தரும் விளக்கம்.

கண்ணோட்டம்

வள்ளுவர் அருளுடைமையை அறத்துப்பாலின் துறவறவியலிலும் (அதி. 25), கண்ணோட்டத்தைப் பொருட்பாலின் அரசியலிலும் (அதி. 58) அமைத்துள்ளார். இவ்வைப்புமுறை கருதத்தக்கது. அருள் எல்லா உயிர்கள்மீதும் செல்வது. கண்ணோட்டமோ பொறுப்பில் இருப்போர்க்கு உரிய தொழிற்பண்பு. கடமை கெடாதவாறு கண்ணோடுதல் வேண்டும் என்னும் வரையறையையும் 578ஆம் குறள் தருகிறது. எனவே ஒத்துணர்வு வெறும் இரக்கமன்று. கடமையோடு பொருந்திய திறன் எனலாம்.

உணர்வுழைப்பின் விலை

திறன் என ஏற்றபின் அதற்குரிய விலை குறித்த வினா எழுகிறது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹாக்சைல்டு, புன்னகையும் பணியின் ஒரு கூறாக வாங்கப்படுவதை 1983இல் காட்டி, அதனை உணர்வுழைப்பு என்றார். தன் உணர்விலிருந்தே தொழிலாளி அந்நியமாதல் அதன் விளைவாகும். இந்தியாவில் 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளர்க்கு ஒன்றிய அரசு வழங்குவது ஊதியம் எனப்படுவதில்லை, மதிப்பூதியம் எனப்படுகிறது. பரிவு பெண்களின் இயல்பு எனக் கருதப்படும் வரை, அது திறனாகக் கணக்கில் ஏறுவதில்லை.

முடிவுரை

ஒத்துணர்வின் தேவை பெருகுவதால் மட்டும் அதனை வழங்குவோரின் நிலை உயர்ந்துவிடாது. பணி வரையறை, பயிற்சி, ஓய்வு, ஊதியம் ஆகிய நான்கிலும் அது இடம்பெறுதல் வேண்டும். கண்ணோட்டத்தைப் பொருட்பாலில் வைத்த குறளின் பகுப்பு இதற்கு வலுவான கருத்தியல் அடிப்படையாக அமைகிறது.