உறுதியில் எழுதாத கிடங்கு

யாழ்ப்பாணத்தில் காணி வாங்குகிறவர்கள் உறுதியைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். எல்லை, பாதை, கிணற்றில் பங்கு, தேசவழமைப்படி பங்காளருக்கு அறிவித்தாயிற்றா என்பதுவரை கேட்பார்கள். நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்தபடி வீடியோவில் காணி பார்த்து முற்பணம் கட்டுகிற இந்தக் காலத்தில், அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும்.

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்த மழைநீர் அந்தக் கல்லை மெல்லக் கரைக்கிறது. வெடிப்புகள் அகன்று பொந்துகளாகின்றன. அப்படியொரு குகையின் கூரை இடிந்து உண்டானதுதான் புத்தூர் நிலாவரைக் கிணறு. எல்லாக் காணிக்கும் கீழே நிலாவரை இல்லைத்தான். ஆனால் மேலே செம்மண் மூடியிருந்தால் பொந்து கண்ணுக்குத் தெரியாது.

மனிதர் தோண்டியது இன்னொரு கதை. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சிமெந்துத் தொழிற்சாலை, 1990இல் போரால் மூடப்படும்வரை, சுற்றுவட்டாரத்துச் சுண்ணக்கல்லைத் தோண்டி அரைத்தது. அந்தப் பெருங்கிடங்குகளையாவது கண்ணால் காணலாம். எனக்குக் கவலை, கல்லுக்காகத் தோண்டிவிட்டுக் குப்பையும் மண்ணும் கொட்டி நிரவிய சின்னக் கிடங்குகளைப் பற்றித்தான். வீட்டின் ஒரு பாதி கல்லிலும் மறுபாதி நிரவலிலும் நின்றால், நிரவல் இறங்க இறங்கச் சுவர் பிளக்கும். ‘இதில் முந்திக் கிடங்கு இருந்தது’ என்று சொல்ல அயலவர் வேண்டும். வலிகாமம் வடக்கிலோ அயலே 1990இல் இடம்பெயர்ந்தது; பலர் திரும்பிவரப் பல பத்தாண்டுகள் ஆயின. அங்கே கண்ணிவெடி அகற்றிய சான்றையும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

பொந்துக் கல்லில் தண்ணீருக்கு வேலி கிடையாது. சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய் ஊர்க் கிணறுகளை மாசாக்கிய வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட உத்தரவிட்டது. ஆகவே அயலில் என்ன தொழில் நடக்கிறது, கல் அகழப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி பெற்றவர் யாரும் உண்டா என்றும் விசாரியுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். பழைய செய்மதிப் படங்களைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட, வீடு வரப்போகிற இடத்தில் நான்கைந்து குழி வெட்டிப் பாருங்கள். கல் தட்டவேண்டிய ஆழத்தில் பொலித்தீனும் ஓட்டுத் துண்டும் வந்தால் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். குழி வெட்டவே விடமாட்டேன் என்கிற உரிமையாளரிடம் நான் முற்பணம் கொடுக்கமாட்டேன்.