கடை வாசல் நாய் சொல்லும் பாடம்: வணிகருக்கும் ஓய்வு வேண்டும்

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்று ஒரு பழமொழி உண்டு. காரியமில்லாமல் அலைகிறவர்களைக் கேலி செய்யச் சொல்வது. ஆனால் பிற்பகல் இரண்டரை மணிக்கு நம் கடைவீதியை ஒருமுறை பாருங்கள். லாரிக்கு அடியிலோ, பூட்டிய கடையின் படியிலோ, தண்ணீர்க் குழாயடி ஈர மண்ணிலோ நாய் நீட்டிப் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். நிற்க நேரமில்லாமல் தவிப்பது நாம்தான்.

விடியற்காலை நான்கு மணிக்கு மண்டி. ஆறு மணிக்குக் கடை திறப்பு. சரக்கு இறக்குவது, பொட்டலம் கட்டுவது, பாக்கி வசூல், வரிக் கணக்கு என்று ஓடி, இரவு பத்தரைக்கு ஷட்டரை இறக்கிய பிறகும் பேரேட்டை விரித்து உட்காருகிறோம். இப்படி உழைப்பதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். அதனால் வரும் நஷ்டத்தை மட்டும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர். 'தீபாவளிக்குக்கூட அரை நாள்தான் அடைப்பேன்' என்பார். ஒரு நாள் இரவு கடை அடைத்துவிட்டு ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது கண் அசந்துவிட்டது. ஓரத்தில் நின்ற மாட்டுவண்டியில் மோதிக் கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் கடை மூடிக் கிடந்தது. வாரம் அரை நாள் அடைத்திருந்தால் ஆண்டுக்கு 26 நாள். அவர் படுத்திருந்த 90 நாள், ஏறக்குறைய மூன்றரை ஆண்டு அரை நாள் விடுமுறைக்குச் சமம். விடுமுறைக்கு அஞ்சியவர் அத்தனையையும் ஒரே தவணையில், ஆஸ்பத்திரிச் செலவோடு சேர்த்துக் கட்டினார். அவர் சொல்லக் கேட்ட பிறகுதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாய் எப்போது ஓய்வெடுக்கிறது?

வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறத்தாழப் பாதி நேரம் தூங்கிவிடும். நம்மைப் போல ஒரே மூச்சில் அல்ல, இரவும் பகலுமாகப் பல சிறு தூக்கங்களாகப் பிரித்துக்கொள்ளும். கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் நாட்டுத் தெருநாய்களைக் கவனித்து 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலும், அவை நாளின் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கின்றன என்று தெரியவந்தது. இதைச் சோம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களில்தான் சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே உச்சி வெயிலில் அலைந்தால் வரவைவிடச் செலவு அதிகம். காலையிலும் மாலையிலும் இரை தேடும், நடுப்பகலில் நிழலில் கிடக்கும்.

நம் வியாபாரமும் அப்படித்தான் நடக்கிறது. மளிகைக் கடையில் கூட்டம் காலையிலும் மாலை ஐந்துக்கு மேலும். பிற்பகலில் வருகிற வாடிக்கையாளரை விரல் விட்டு எண்ணிவிடலாம். நம் முன்னோர் பல ஊர்களில் மதியம் கடையை அடைத்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து வந்தார்கள். விவரம் தெரிந்துதான் செய்தார்கள்.

பகல் தூக்கம் குற்றமா?

பிற்பகலில் கண் சொக்குவதற்குச் சாப்பாடு மட்டும் காரணமல்ல. நம் உடலுக்குள் ஓடும் கடிகாரமே அந்த நேரத்தில் சிறிது தொய்கிறது. மதியம் சாப்பிடாமல் இருந்தாலும் அந்த அசதி வரும். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா, கடல் கடந்து நெடுந்தூரம் செல்லும் விமானிகளிடம் நடத்திய ஆய்வின் அறிக்கையை 1994ஆம் ஆண்டு வெளியிட்டது. பறக்கும்போதே முறை வைத்து 40 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். அப்படித் தூங்கியவர்கள், ஓய்வு இல்லாதவர்களைவிட, தரையிறங்கும் கடைசி நேரத்தில் நல்ல விழிப்போடு இருந்தார்கள். நூற்றுக்கணக்கான உயிர்களுக்குப் பொறுப்பானவருக்கே அரை மணித் தூக்கம் ஆகுமென்றால், பருப்பு நிறுப்பவருக்கு ஆகாதா?

தூக்கம் கணக்குக்கும் உதவும். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் ஆராய்ச்சியாளர்கள், தம் மொழியில் பழகிய நாய்களுக்கு அதே கட்டளைகளை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு தூங்கவிட்டு மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். கற்ற பாடத்தைத் தூக்கத்திலும் மூளை பதித்துக்கொண்டிருப்பதும், தூங்கி எழுந்தபின் நாய்கள் இன்னும் நன்றாகச் செய்வதும் தெரிந்தது. இது 2017இல் வெளியானது. மனித மூளையும் இப்படியே வேலை செய்கிறது. இரவு பதினொரு மணிக்கு 17 டின் எண்ணெயை 71 என்று எழுதிவிட்டு, மறுநாள் காலை பார்த்தவுடன் பிழையைக் கண்டுபிடிக்கிறோம் அல்லவா?

நாய் வேறு, நாம் வேறு

எல்லாவற்றிலும் நாயைப் பின்பற்ற முடியாது. அதன் தூக்கம் லேசானது. ஒரு சத்தம் கேட்டால் உடனே எழுந்து நிற்கும். நாமோ அரை மணிக்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுகிறோம். அதிலிருந்து எழுந்தால் தலை கனக்கும், பேச்சு குழறும். எனவே பகலில் 20 நிமிடம் போதும், மூன்று மணிக்குள் முடித்துவிட வேண்டும். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. வளர்ந்தவருக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரம் தேவை. போதுமான நேரம் தூங்கியும் பகலெல்லாம் அசதி தீராவிட்டாலோ, பலத்த குறட்டையும் மூச்சடைப்பும் இருந்தாலோ மருத்துவரைப் பார்ப்பதே சரி.

படுக்குமுன்னும் எழுந்தபின்னும்

நாய் படுக்குமுன் இடத்தை முகர்ந்து, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித்தான் படுக்கும். காட்டில் வாழ்ந்த காலத்தில் புல்லை மிதித்துப் படுக்கை செய்த பழக்கத்தின் மிச்சம் என்று கருதுகிறார்கள். நாம் மிளகாய் மூட்டையில் தலையைச் சாய்த்து, தும்மிக்கொண்டே தூங்கப் பார்க்கிறோம். குடோனில் காற்று வரும் மூலையில் ஒரு பாய், ஒரு தலையணை வைத்தால் என்ன செலவு? எழுந்ததும் நாய் முன்கால்களை நீட்டி, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்த பிறகே நடக்கும். நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும் நமக்கு இது நல்ல பழக்கம்.

கல்லாவை யாரிடம் விடுவது?

உண்மையான சிக்கல் இங்கேதான். ஓய்வுக்கு நேரமில்லை என்கிறோம். கேட்டுப் பார்த்தால், கல்லாவை ஒப்படைக்க ஆளில்லை என்பதே பதிலாக வரும். தெருவில் நான்கு நாய்கள் படுத்திருக்கும். ஒன்று குரைத்தால் மற்றவை எழுந்துவிடும். கூட்டாகக் காவல் இருப்பதால் ஒவ்வொன்றும் நிம்மதியாகக் கண் மூட முடிகிறது. நாமும் மனைவியையோ, மகனையோ, மகளையோ, நெடுநாள் சிப்பந்தியையோ சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி, பிறகு அரை நாள். இருப்பை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினால் சந்தேகத்துக்கு இடமிராது.

நமக்குள்ள உடம்புதான் சிப்பந்திக்கும். 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமே, நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு என்று வகுத்தது. வேலையாட்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழக அரசு அதில் திருத்தம் கொண்டுவந்தது. நின்றே களைத்த பையன் தராசைத் தவறாகப் பார்த்தால் நஷ்டம் நமக்கே.

வணிக நண்பர்களே, நாளை பிற்பகல் வாசலில் தூங்கும் நாயைக் கல்லெறிந்து எழுப்பாதீர்கள். திடுக்கிட்டு எழும் நாய் கடித்துவிடவும் கூடும். அதை அதன் போக்கில் விட்டுவிட்டு, கல்லாச் சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, நீங்களும் 20 நிமிடம் படுத்துப் பாருங்கள். மாலைக் கூட்டத்துக்கு முகம் மலர்ந்து நிற்கலாம். இரவுக் கணக்கும் ஒரே கூட்டலில் சரியாக வரும்.