வீழ்த்தாத குத்துகள்

1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி, ஜோ பக்னருடன் 15 சுற்றுகள் மோதி வென்றார். 1984இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரியவந்தது. அதற்குக் குத்துச்சண்டைதான் காரணமா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. ஆனாலும் அவருடைய நடுங்கும் கையைப் பார்த்த நம் மக்கள், ஆபத்தெல்லாம் பணத்துக்காக மோதுகிற தொழில்முறை வீரர்களுக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அமெச்சூர் போட்டி மூன்றே சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம். அதில் என்ன ஆகிவிடும் என்கிறார்கள். இந்த நிம்மதிக்குப் போதிய ஆதாரம் இல்லை.

மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. தாடையில் பக்கவாட்டாக விழும் குத்து தலையை வெடுக்கென்று திருப்பும்போது, அந்த வேகத்துக்கு மூளை ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். அந்த இழுப்பில் மெல்லிய நரம்பிழைகள் சேதமடைகின்றன. ஆள் மயங்கி விழாவிட்டாலும் இது நடக்கலாம். 2006இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 14 அமெச்சூர் வீரர்களின் தண்டுவடத் திரவத்தைப் போட்டி முடிந்த சில நாள்களிலும், மூன்று மாத ஓய்வுக்குப் பிறகும் சோதித்தார்கள். நரம்பிழை சிதையும்போது கசிகிற புரதம் போட்டிக்குப் பின் மிகுந்திருந்தது. ஓய்வுக்குப் பின் குறைந்திருந்தது. தலையில் 15க்கு மேல் குத்து வாங்கியவர்களிடம் அந்த உயர்வு இன்னும் அதிகம். ஆக, யார் வென்றார் என்பதைவிட எத்தனை குத்து தலையில் விழுந்தது என்பதே மூளைக்கு முக்கியம்.

2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த மதிப்பாய்வு, அமெச்சூர் குத்துச்சண்டை நிரந்தர மூளைச் சேதம் தருகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றது உண்மைதான். ஆனால் கிடைத்த ஆய்வுகளின் தரமே போதாது என்றும் அதே மதிப்பாய்வு சொன்னது. சான்று போதாமை பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. பின்னர் வேல்ஸில் கேர்ஃபில்லி வட்டார ஆண்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வில், இளமையில் அமெச்சூராகத் தீவிரமாக மோதியவர்களுக்கு முதுமையில் அறிவுத்திறன் குறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. அது பழைய விதிகளின் காலம், பின்னர் தலைக்கவசம் வந்துவிட்டதே என்று மறுக்கலாம். தலைக்கவசமோ காயத்தையும் வெட்டையும் குறைக்குமே தவிர, தலை திரும்புவதைத் தடுக்காது. 2013இல் உயர்மட்ட ஆண்கள் போட்டிகளில் அந்தக் கவசத்தையும் எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது. வட சென்னையில் தலைமுறைகளாக உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு மதிப்பைத் தேடித் தந்தது இந்த ஆட்டம். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் குத்துச்சண்டை வீரர் சபோக் பிக்கி வென்ற தங்கம் மலேசியாவுக்கே பெருமை. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் ஒழுக்கமும் உடல்வலுவும் கயிறாட்டத்திலும் பயிற்சிப் பையைக் குத்துவதிலும் கால் நகர்த்தலிலும் கிடைக்கின்றன. அவற்றுக்குத் தலையில் அடி வாங்கத் தேவையில்லை. போட்டிகள் வருடத்தில் சில நாள்களே. பயிற்சிக்கூடத்து மோதல்களோ வாரந்தோறும் நடக்கலாம்; அங்கே விழும் குத்துகளை எந்த நடுவரும் எண்ணுவதில்லை.

எனவே பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வசித்தாலும் வட சென்னையின் காசிமேட்டில் வசித்தாலும், பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் பயிற்சியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: வாரத்தில் எத்தனை நாள் நேருக்கு நேர் மோதல்? சிறுவர்கள் தலையைக் குறிவைக்க விடுகிறீர்களா? தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ, மருத்துவர் சம்மதிக்கும் வரை களத்துக்கு வெளியே நிறுத்துவீர்களா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் கூடத்தில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கூடம் எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும் அது வேண்டாம்.