பழைய பெட்டியும் பதிப்பு நெறியும்

ஏட்டுச் சுவடியைப் பதிப்பித்தலும் பழுதான பொறியைச் செப்பனிடுதலும் ஒன்றோடொன்று ஒட்டாத தொழில்கள் என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பதுளையிலே முப்பது ஆண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து வரும் என் கை, சென்ற விடுமுறையிலேதான் முதன்முதலாக ஈயம் பற்றவைக்கும் கோலைப் பிடித்தது. அதனாற் கற்ற பாடத்தை அன்பர்களுக்குச் சொல்லுதல் தகும்.

தூண்டியவன் என் மகன். 1978 இல் யப்பானியத் தைத்தோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', 1980 இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பக்-மான்' முதலிய விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றி அவன் ஒருநாள் விரித்துரைத்தான். ஆளுயர மரப்பெட்டி, அதனுள்ளே கதோட்டுக் கதிர்க்குழாய், நாணயம் இட்டால் திரை உயிர்பெறும். கடைகள் கைவிட்ட அப்பெட்டிகளை மேலைநாட்டார் பலர் இன்று வீட்டுக்குக் கொணர்ந்து செப்பனிடுகின்றனராம். அவருள்ளும் இரு கட்சியினர் உளர். பழைய உறுப்புகளையே பழுது நீக்கி இயக்குவோர் ஒரு சாரார். உள்ளிருப்பவற்றை எல்லாம் அகற்றிவிட்டுச் சிறு கணினியொன்றைப் பொருத்தி, ஒரே பெட்டியில் நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை அமைப்போர் மற்றொரு சாரார்.

"அப்பா, பரணில் கிடக்கும் அப்பாயியின் ரேடியோவையும் அப்படிச் செய்யலாம். உள்ளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புளூடூத் வைத்தால் அருமையாகப் பாடும்" என்றான் அவன்.

அந்த வானொலிப் பெட்டி என் தாய்மாமனுடையது. கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பரிலேயே தொடங்கிற்று. ஆயினும் வானொலி தோட்டத்து மக்களின் உறவானது 1950 இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிய பின்னரே எனலாம். எஸ். பி. மயில்வாகனம் போன்றோரின் குரல் கடல் கடந்து தமிழகத்திலும் ஒலித்தது. பசறைப் பக்கத்து லயத்திலே மின்சாரம் ஏது? மாமாவின் பெட்டி தொண்ணூறு வோல்ட் உலர் பற்றரியால் இயங்குவது. பற்றரி விலை மிகுந்தது. ஆதலின் மாலையில் ஒரு மணி நேரமே அது பேசும். அந்த ஒரு மணி நேரத்துக்கு லயம் முழுவதும் எங்கள் வாசலில் கூடும்.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என மக்களைக் கணக்கிட்டுப் பிரித்தனர். எங்கள் குடும்பமும் அக்கணக்கிலே இரண்டாயிற்று. எழுபதுகளின் நடுவிலே மாமா தலைமன்னாருக்குப் புறப்பட்டார். அந்த வண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர். முதல் நாளிரவு அவர் பெட்டியை என் அன்னையிடம் ஒப்படைத்தார். அன்னைக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே முள் நிற்க வேண்டிய இடத்தை அலைவரிசைக் கண்ணாடியின் மீது ஆணியாற் கீறிக் காட்டிச் சென்றார். சில கடிதங்கள் வந்தன, பின்னர் வரவில்லை. அத்தகைய பற்றரிகளும் கடைகளில் கிடைக்காமற்போகவே, பெட்டி பரணேறிற்று.

இறக்கித் திறந்தபோது உள்ளே குளவிக்கூடும் பச்சைப் பாசம் பூத்த கம்பிகளும் இருந்தன. நகரிலே வானொலி திருத்தும் முதியவர் ஒருவர் எனக்கு ஆசானானார். நான்கு வால்வுகளும் நலமாயிருந்தன. நோய் மின்தேக்கிகளில் இருந்தது. திருத்துவோர் வழக்கில் அவை கொண்டென்சர். மெழுகு பூசிய காகித உறைக்குள் ஈரம் புகுந்தால் அவை மின்னைக் கசியவிடும், குரல் கரகரக்கும். விளையாட்டுப் பெட்டிகளின் திரை நடுங்குவதற்கும் பல வேளைகளில் உலர்ந்துபோன மின்தேக்கிகளே காரணமாம். பழைய உறையை மெல்லச் சூடாக்கி, உள்ளிருப்பதை வெளியே தள்ளி, புதிய சிறு மின்தேக்கியை அதற்குள்ளேயே வைத்து மெழுகால் மூடினோம். ஓலை செல்லரிக்கும்போது புதிய ஓலையிற் படியெடுத்துப் பாட்டைக் காத்த முன்னோர் செயல் என் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறு வோல்ட்டுக்கு என் செய்வது? ஒன்பது வோல்ட் சிறு பற்றரிகள் பத்தினைத் தொடராகக் கோத்தோம். வால்வின் இழைகளுக்கு ஒன்றரை வோல்ட்டே போதும். இரண்டையும் மாற்றித் தொடுத்தால் நான்கு வால்வுகளும் ஒரு நொடியிற் கருகிவிடும். மும்முறை சரிபார்த்தும் என் கை நடுங்கிற்று.

இதற்கிடையே கண்ணாடியைப் பற்றிய வழக்கொன்று எழுந்தது. கீறலை நீக்கி மெருகிடலாம், அன்றேல் புதிய கண்ணாடியே வெட்டலாம் என்றனர் மற்றவர். நான் புறநானூற்றை எடுத்து வைத்தேன். 1894 இல் அதனைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பெரும்புலவர், சிதைந்த அடிகளைத் தாமே இயற்றி நிரப்ப அவரால் இயலாதா? நிரப்பினாரல்லர், புள்ளியிட்டு விட்டார். 267, 268 ஆம் பாட்டுகள் கிடைக்கவேயில்லை. அந்த எண்களோ இன்றும் இடம்விட்டு நிற்கின்றன. பழுதை நீக்குக, சுவட்டை நீக்காதே. இதுவே பதிப்பு நெறி. கசியும் மின்தேக்கி பழுது; ஆணிக் கீறல் சுவடு. மகன் சிறிது நேரம் நூலையே பார்த்திருந்தான். பின்னர்ப் புளூடூத் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு மாலை பெட்டியை இயக்கினோம். சிறிது நேரம் அமைதி. பின் மெல்லிய இரைச்சல். முள்ளைத் திருப்பியபோது சிற்றலையில் விளங்காத மொழியொன்றில் யாரோ பேசும் குரல் எழுந்து அமிழ்ந்தது. மகன் துள்ளினான்.

எண்பதைக் கடந்த என் அன்னை கதவோரம் வந்து நின்றார். "அண்ணன் போட்ட கோட்டுக்கு நேரா வச்சியா, ராசா?" என்று கேட்டார்.

வைத்தேன். அவ்விடத்தில் இன்று நிலையம் ஏதுமில்லை. இரைச்சல் மட்டுமே கேட்டது. வேறிடத்துக்குத் திருப்பக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும், கொஞ்ச நேரம்" என்றார் அன்னை.

மூவரும் அமர்ந்து அதனையே கேட்டிருந்தோம். புறநானூற்றுப் புள்ளிகளை மாணவர்க்கு இத்தனை ஆண்டு காட்டியிருக்கிறேன். அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.