குதிரைக்கு முதுகு பார்க்கிறவர் யார்?

1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் ஆரம்பித்து வைத்தது கைரோபிராக்டிக். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி வலியைப் போக்குவதாகச் சொல்லும் முறை. குதிரைக்கும் நாய்க்கும்கூட இதைச் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி: இவங்களுக்கு லைசென்ஸ் யார் கொடுக்கிறாங்க?

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே 1994-ம் ஆண்டுச் சட்டப்படி, ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலில் பதிவு செய்யாத யாரும் தன்னை எந்த வகைக் கைரோபிராக்டர் என்றும் சொல்லிக்கொள்ளக் கூடாது. சொன்னால் குற்றம். நல்ல சட்டம்தானே? சிக்கல் என்னவென்றால், அந்தப் பதிவு மனித உடம்பைப் படித்ததற்கானது. குதிரையைத் தொட்டே பார்க்காதவரும் அங்கே கைரோபிராக்டர்தான். மெக்டிமோனி முறையில் விலங்குகளுக்கென்றே பயிற்சி எடுத்தவர், கவுன்சிலில் பதிவு இல்லையென்றால், அந்தப் பெயரைப் போர்டில் போட முடியாது. ஆக, போர்டைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

அப்போ விலங்குக்கு என்ன பாதுகாப்பு? அது வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 1966-ம் ஆண்டுச் சட்டப்படி விலங்கின் நோயைக் கண்டறிவதும் சிகிச்சை தருவதும் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. 2015-ல் வந்த விலக்கு ஆணை ஒரு சின்ன வாசலைத் திறந்து வைக்கிறது. மருத்துவர் விலங்கைப் பரிசோதித்து, பிசியோதெரபி வேண்டும் என்று சொன்னால், அவருடைய வழிகாட்டுதலில் மற்றவர்கள் செய்யலாம். கைரோபிராக்டிக்கும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

'முதலில் பரிசோதனை' என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. டாஷுண்ட் நாயை நினைத்துக்கொள்ளுங்கள்: குட்டைக் கால், நீள முதுகு. இந்த இனத்துக்கு முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கும் பிரச்சினை அதிகம். சோபாவில் ஏற மறுக்கும், தொட்டால் முனகும். பார்க்கிறவருக்கு இது சாதாரண முதுகுப் பிடிப்பு மாதிரித்தான் இருக்கும். தண்டுவடம் ஏற்கெனவே நசுங்கிக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் தப்பான ஒரு அழுத்தம் பின்னங்கால்களையே செயலிழக்க வைக்கலாம். பெரிய இன நாய் நொண்டினால் காரணம் எலும்புப் புற்றுநோயாகக்கூட இருக்கலாம். இதையெல்லாம் விரலால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. எக்ஸ்ரே, ஸ்கேன் வேண்டும். மனுஷன் என்றால் "கால் மரத்துப்போச்சு, நிறுத்துங்க" என்று கத்துவான். நாய் சொல்லாது. (எரர் மெசேஜே தராத சிஸ்டத்தில் கை வைக்க எந்த எஞ்சினியரும் யோசிப்பான்.)

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கால்நடை மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும் என்பதோடு, இது வழக்கமான மருத்துவத்தில் சேராத மாற்று முறை என்று தெரிந்துதான் சம்மதிக்கிறேன் என விலங்கின் சொந்தக்காரர் கையெழுத்தும் போட வேண்டும். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. இந்த முறைக்கு ஆதாரம் குறைவு என்பதை மறைக்காமல், அதைச் சிகிச்சைக்கு முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள்.

வெளிநாட்டில் நாயோடு இருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்டால், சுவரில் எத்தனை சர்டிஃபிகேட் மாட்டியிருக்கிறார் என்று பார்க்கச் சொல்ல மாட்டேன். "எந்த டாக்டர் பார்த்தார், ரிப்போர்ட் எங்கே?" என்று அவராகக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காமலேயே "எலும்பு விலகியிருக்கு, சரி பண்ணிடலாம்" என்று முதுகில் கை வைத்தால், நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.