அப்பாவிடம் வண்டிச் சாவியை எப்போது கேட்பது?

அம்பத்தூரை அடுத்த மேனாம்பேட்டில் காய்கறி வாங்க, வங்கிக்குப் போக, பேரப்பிள்ளையை டியூஷனில் விட என்று பல பெரியவர்களுக்கு ஸ்கூட்டர்தான் துணை. தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் லாரி, வேன், ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து வர வேண்டும். வீட்டில் இருப்பவர்களுக்குத் திக் திக்கென்றுதான் இருக்கும்.

வயது மட்டுமே ஆபத்து இல்லை. பெரியவர்கள் பலர் நிதானமாகத்தான் ஓட்டுகிறார்கள். கண், கழுத்து, மாத்திரை ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

கண்: கண்புரை இருந்தால் எதிரே வரும் ஹெட்லைட் வெளிச்சம் சிதறிக் கூசும். க்ளாக்கோமா பக்கவாட்டுப் பார்வையைச் சத்தமில்லாமல் குறைக்கும்.

கழுத்து: திரும்பிப் பார்க்க முடியாவிட்டால் பின்னால் வரும் பைக் தெரியாது. வலது பக்கம் திரும்பும்போது எதிர் வண்டியின் வேகத்தைக் கணிப்பதும் கடினமாகும்.

மாத்திரை: சில சளி மருந்துகளும் தூக்க மாத்திரைகளும் அசத்தும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் சாப்பிடாமல் கிளம்பினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

2019 ஜனவரியில், இங்கிலாந்து இளவரசர் பிலிப் 97 வயதில் கார் ஓட்டிச் சென்று விபத்துக்குள்ளானார். சூரிய ஒளி கண்ணைக் கூசியதாக அவர் சொன்னார். அடுத்த மாதமே லைசென்ஸை ஒப்படைத்துவிட்டார். ஜப்பானில் 75 வயதைக் கடந்தவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க ஞாபகசக்தி, கவனம் பற்றிய பரிசோதனைக்கு உட்பட வேண்டும்.

நம் ஊரில் 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். டாக்டர் சான்றிதழான படிவம் 1ஏ-யும் தேவை. அதை வெறும் கையெழுத்தாக நினைக்காமல், கண், காது, சர்க்கரை மூன்றையும் அப்போதே பரிசோதித்துக்கொள்ளலாம்.

வண்டியில் புதுப்புதுக் கீறல்கள், பழகிய வழியில் தடுமாற்றம், பிரேக் பிடிப்பதில் தாமதம் ஆகியவை எச்சரிக்கை மணிகள். உடனே சாவியைப் பிடுங்காதீர்கள். அது அவர்களின் சுதந்திரம். முதலில் இரவு ஓட்டத்தையும் ஷிஃப்ட் நேரத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள். பக்கத்துக் கடைக்குப் போனாலும் ஹெல்மெட் கட்டாயம். வயதான எலும்பு சிறிய விழுதலையும் தாங்காது.

சென்னையில் வசிக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவச பஸ் டோக்கன்கள் தருகிறது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, "தூரமா போகணும்னா நான் கூட்டிட்டுப் போறேன்ப்பா" என்று சொல்லிப் பாருங்கள். சாவி தானாகவே ஆணிக்குப் போய்விடும்.