‘தாத்தா’ என்னும் சொல்லும் வழிமுறைக் குறிப்பும்

தில்லி புசா ரோட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இயங்கி வருகிறது. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசி வளரும் மாணவர்க்குத் ‘தாத்தா’ என்பது ஒரே சொல். அதனை இந்தியில் கூற இரண்டு சொற்கள் வேண்டும்: தந்தையைப் பெற்றவர் ‘தாதா’, தாயைப் பெற்றவர் ‘நானா’. எவ்வழித் தாத்தா என்பது தெரியாமல் சொல்லைத் தேர்ந்தெடுக்க இயலாது. (தமிழ்ச் செய்தித்தாள்களில் ‘தாதா’ ரவுடித் தலைவனாகிவிட்டது வேறு கதை.)

தமிழ் உறவுமுறை வழிகளைப் பகுக்காத ஒன்றன்று. சித்தப்பாவும் மாமாவும் ஒருபோதும் ஒரே சொல்லில் அடங்குவதில்லை. பெற்றோர் தலைமுறையில் கூர்மையாக நிற்கும் இவ்வேறுபாடு, அதற்கு மேற்பட்ட தலைமுறையில் பொதுத்தமிழில் மங்கிவிடுகிறது. வட்டார வழக்குகள் சில அதனைக் காக்கின்றன. கொங்கு வழக்கில் தந்தையின் தந்தை ‘அப்பாரு’, தாயின் தந்தை ‘அப்புச்சி’.

பொதுத்தமிழ் இவ்விடத்து அளப்பது வழியையன்று, தொலைவையே எனலாம். ‘கொள்ளுத்தாத்தா’, ‘கொள்ளுப்பேரன்’, ‘எள்ளுத்தாத்தா’, ‘எள்ளுப்பேரன்’ ஆகிய இணைகளில் ஒரே அடை மேலும் கீழும் ஒரே தொலைவைக் குறித்து நிற்கிறது. யாழ்ப்பாண வழக்கு இன்னும் ஒருபடி செல்கிறது. அங்குப் ‘பேரன்’ பாட்டனையும் குறிக்கும். மகவின் மகவு ‘பேரப்பிள்ளை’. ‘பூட்டன்’ மூன்றாம் தலைமுறை முன்னோன். ‘பூட்டப்பிள்ளை’ மூன்றாம் தலைமுறை வழித்தோன்றல். பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தை எண்ணினால், பெயர் இருவர்க்கும் பொதுவாதலின் சொல்லும் பொதுவாயிற்று எனக் கருத இடமுண்டு.

இவ்வழகு சட்ட ஆவணத்தில் இடராகிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாது இறந்த ஆணின் இரண்டாம் வகுப்பு வாரிசுகளில் தந்தையின் பெற்றோர் 5ஆம் பதிவிலும், தாயின் பெற்றோர் 8ஆம் பதிவிலும் இடம்பெறுகின்றனர். முந்திய பதிவினர் இருப்பின் பிந்தியவர்க்குப் பங்கில்லை. ஆகவே ஒரே ‘தாத்தா’ பங்கு பெறுவதும் பெறாததும் வழியைப் பொறுத்தது.

சொத்தைக் குறிக்கும் சொற்களும் இவ்வாறே. ‘பிதுரார்ஜிதம்’ தந்தைவழியைத் தன்னுள் கொண்டது. ‘பூர்வீகச் சொத்து’ அவ்வரையறை அற்றது, ‘பூர்வீகம் எது?’ என்று தில்லித் தமிழரைக் கேட்டால் முன்னோர் பெயரன்று, ஊர்ப்பெயரே விடையாக வரும். தாயின் தந்தையிடமிருந்து வந்த சொத்து, கூட்டுரிமைக்குரிய பிதுரார்ஜிதம் ஆகாது என்பது 1937இல் பிரிவி கவுன்சில் கண்ட முடிவு. ‘தாத்தாவின் பூர்வீகச் சொத்து’ என்னும் தொடரில் இரு சொற்களுமே வழியைக் கூறாது விடுகின்றன.

இத்தகைய வாக்குமூலத்தை இந்தியாக்குவோர் பழக்கத்தால் ‘தாதா’ என்றே எழுதிவிடுதல் எளிது. அது மொழிபெயர்ப்பன்று, மூலத்தில் இல்லாத சாட்சியம். உரியவரைக் கேட்டறிய வேண்டும். அதற்கு வாய்ப்பில்லையேல் தமிழ்ச் சொல்லையே எழுத்துப்பெயர்த்து, வழி குறிக்கப்படவில்லை என அடைப்பில் காட்டலாம். இந்தியிலிருந்து தமிழாக்கும் ஆவணத்தில் ‘தந்தைவழிப் பாட்டனார்’ பொருந்தும். கதையில் குழந்தையின் வாயில் அது பொருந்தாது. அங்கு ‘அப்பாவோட அப்பா’ போதும்.